உடனுண்போர் முதல் ஒருநபர் நிறுமம் வரை: ‘கம்பெனி’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் ‘கம்பெனி’ என்னும் சொல் துணை, விருந்தினர், படைப்பிரிவு, கைவினைஞர் சங்கம், நாடகக் குழு, வணிக நிறுமம் எனப் பல பொருள்களில் ஆளப்படுகிறது. இப்பொருள்கள் எந்த வரலாற்றுச் சூழல்களில் கிளைத்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உடன் உண்போரைக் குறித்த சொல் ஓர் ஆட்சியின் பெயராகவும், பின்னர் ஒருவர் மட்டுமே உறுப்பினராக உள்ள சட்ட அமைப்பின் பெயராகவும் மாறிய போக்கு இதில் விளக்கப்படுகிறது. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிய பொருள்களுள் சிலவற்றைத் தமிழ் ‘கும்பினி’, ‘கம்பெனி’ என்னும் இரு வடிவங்களில் பிரித்து ஆண்டதும், அப்பிரிவு காலனிய கால ஆவணங்களை வாசிப்போர்க்கு உணர்த்துவதும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கம்பெனி, கும்பினி, பலபொருள் ஒருசொல், பொருள் மாற்றம், கிழக்கிந்தியக் கம்பெனி, நிறுமம்.

முன்னுரை

ஒரு சொல் பல பொருள் தருவது எல்லா மொழிகளுக்கும் பொதுவான இயல்பு. தமிழ் இலக்கண மரபும் நிகண்டு மரபும் இதனை மிகப் பழங்காலத்திலேயே கருத்திற் கொண்டன. தொல்காப்பியக் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது என இரண்டாகப் பகுக்கிறது. முன்னதன் பொருளை வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியலாம் என்றும் அது வழிகாட்டுகிறது. திவாகரமும் சூடாமணி நிகண்டும் இவ்வகைச் சொற்களுக்கெனத் தனித் தொகுதியையே வகுத்துள்ளன.

இவ்வளவை ‘கம்பெனி’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் ஒருவர் கம்பெனியைப் பதிவு செய்தார் எனில் அது வணிக நிறுமம். கம்பெனியை நாடினார் எனில் அது பேச்சுத்துணை. கம்பெனியை அணிவகுத்து நடத்தினார் எனில் அது காலாட்படைப் பிரிவு. வீட்டுக்குக் கம்பெனி வந்திருக்கிறது எனில் அது விருந்தினர். கப்பலின் கம்பெனி என்பது அக்கப்பலில் பணிபுரியும் அனைவரையும் சுட்டும். உடன்வரும் வினை பொருளைத் தெளிவித்துவிடுகிறது.

ஆயினும், இன்றைய வழக்கில் பொருளைத் தெளிவது ஒன்று. அப்பொருள்கள் எவ்வாறு ஒரு சொல்லில் வந்து தங்கின என அறிவது மற்றொன்று. பின்னது வரலாற்றாய்வின் பணி. ‘கம்பெனி’யைப் பொறுத்தவரை இப்பணி சொல்லாராய்ச்சியோடு முடிவதில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ்நிலத்தின் பெரும்பகுதியை ஆண்ட அமைப்பு இச்சொல்லையே தன் பெயராகக் கொண்டிருந்தது என்பதே அதற்குக் காரணம்.

அப்பமும் உடனிருப்பும்

இச்சொல்லின் வேர் பிற்கால இலத்தீனில் உள்ளது. ‘உடன்’ எனப் பொருள்படும் ‘கும்’ என்னும் முன்னொட்டும், அப்பத்தைக் குறிக்கும் ‘பானிஸ்’ என்னும் பெயரும் இணைந்து ‘கொம்பானியோ’ என்னும் சொல் உருவாயிற்று. அப்பத்தை உடனிருந்து உண்பவன் என்பது அதன் பொருள். பிராங்கியரின் சாலிக் சட்டத் தொகுப்பில் இதன் பழைய ஆட்சி காணப்படுகிறது. கோத்திக் மொழியிலும் ‘உடன்’, ‘அப்பம்’ என்னும் இரு கூறுகளாலேயே தோழனைக் குறிக்கும் சொல் அமைந்துள்ளது. எனவே செருமானிய வழக்கை அடியொற்றி இலத்தீன் இதனைப் படைத்துக்கொண்டது என்பது சொற்பிறப்பாய்வாளர் கருத்து. பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக இச்சொல் 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் நுழைந்தது. தோழமை, உடனிருப்பு, கூடியிருக்கும் மக்கள் ஆகியவையே அது ஆங்கிலத்தில் பெற்ற தொடக்கப் பொருள்கள்.

ஆங்கிலத்தில் தலைவனைக் குறிக்கும் ‘லார்ட்’ என்னும் சொல்லும் அப்பத்தோடு தொடர்புடையதே. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலவடிவம் ‘அப்பத்தைக் காப்பவன்’ எனப் பொருள்படும். ஒரே உணவை அடிப்படையாகக் கொண்டு இருவகை உறவுகள் பெயர் பெற்றன. அப்பத்தைக் காத்து வழங்குபவன் தலைவன். அதைப் பகிர்ந்து உண்போர் தோழர். தமிழில் ‘செஞ்சோற்றுக் கடன்’ என்னும் தொடர் முதல்வகை உறவை, அதாவது சோறிட்டவனுக்கும் உண்டவனுக்கும் இடையிலான கடப்பாட்டைச் சுட்டுகிறது. ‘கம்பெனி’ பிறந்ததோ இரண்டாம் வகையில். அதில் மேல் கீழ் இல்லை. இச்சொல் பின்னாளில் அடைந்த மாற்றத்தை அளப்பதற்கு இத்தொடக்கநிலையே அளவுகோலாகும்.

படையும் வணிகமும் தொழிற்சங்கமும்

14-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இச்சொல்லின் இரு கிளைகள் அருகருகே வளர்ந்தன. கூலிப்படை வீரர்கள் திரண்டு அமைத்த குழுக்கள் ‘கொம்பாஞ்ஞியா’ எனப்பட்டன. ஆங்கிலேயரான ஜான் ஹாக்வுட் தலைமை தாங்கிய ‘வெள்ளைக் கம்பெனி’ அவற்றுள் பெயர்பெற்றது. பிற்காலத்தில் அரசர்களின் நிலையான படைகள் உருவானபோது, ஒரு கேப்டனின் கீழ் அமைந்த அடிப்படைப் பிரிவுக்கு இப்பெயரே நிலைத்தது.

அதே காலத்தில் பிளாரன்சு நகரில் பார்தி, பெருத்சி ஆகிய குடும்பங்களின் வணிக அமைப்புகளும் ‘கொம்பாஞ்ஞியா’ என்றே வழங்கின. பெரும்பாலும் உறவினரான பங்காளிகள் குறிப்பிட்ட காலத்திற்கு ஒப்பந்தம் செய்து, முதலிட்டு, ஊதியத்தைப் பகிர்ந்துகொண்டனர். இழப்பு நேரின் ஒவ்வொருவரும் தம் சொத்து முழுவதற்கும் பொறுப்பாயினர். 1343-இல் பெருத்சியும் 1346-இல் பார்தியும் வீழ்ந்தபோது இப்பொறுப்பின் கடுமை வெளிப்பட்டது. ஊதியத்தைப் பகிர்ந்தவர்கள் கேட்டையும் பகிர்ந்தாக வேண்டியிருந்தது. உடனுண்ணல் என்னும் வேர்ப்பொருள் இவ்வணிக அமைப்பில் இன்னும் உயிரோடு இருந்தது எனலாம்.

இங்கிலாந்தில் கைவினைஞரும் வணிகரும் அமைத்த நகரச் சங்கங்கள் இப்பெயரை ஏற்றன. இலண்டனின் துணி வணிகர் சங்கமான மெர்சர்ஸ் கம்பெனி 1394-இல் அரச சாசனம் பெற்றது. இச்சங்கங்களின் முன்னுரிமை வரிசை 1515-இல் வரையறுக்கப்பட்டது. அச்சகத்தாரும் நூல் வணிகரும் அடங்கிய ஸ்டேஷனர்ஸ் கம்பெனி 1557-இல் சாசனம் பெற்று அச்சுத்தொழிலைக் கட்டுப்படுத்தும் உரிமையைப் பெற்றது. இச்சங்கங்கள் இன்றும் தம் மண்டபங்களில் விருந்து நடத்திவருகின்றன.

நாடகக் குழுவும் ‘கம்பெனி’ ஆயிற்று. ஷேக்ஸ்பியர் இடம்பெற்ற, 1594-இல் உருவான சேம்பர்லின் பிரபுவின் குழுவில் முதன்மை நடிகர்கள் ‘பங்குடையோர்’ எனப்பட்டனர். செலவையும் வருவாயையும் அவர்கள் பங்கிட்டுக்கொண்டனர். ஆக, 16-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இச்சொல்லின் பல்வேறு பொருள்களுக்கிடையே ஒரு பொதுமை நிலவியது. ஒருவரையொருவர் அறிந்த மனிதர்கள் ஒரு செயலுக்காகக் கூடி, நன்மை தீமைகளைப் பகிர்தல் என்பதே அப்பொதுமை.

பங்கு முதலும் ஆட்சியுரிமையும்

கடல்கடந்த வணிகம் இப்பொதுமையைத் தளர்த்தியது. 1555-இல் சாசனம் பெற்ற மஸ்கோவி கம்பெனியில் பலர் முதலிட்டுப் பொது நிதி திரட்டும் முறை கையாளப்பட்டது. 1600 டிசம்பர் 31-இல் முதலாம் எலிசபெத் அரசி வழங்கிய சாசனம், கிழக்கிந்தியப் பகுதிகளோடு வணிகம் செய்யும் இலண்டன் வணிகர்களை ‘ஆளுநரும் கம்பெனியும்’ எனப் பெயரிட்டது. இங்கு ‘கம்பெனி’ என்பது அமைப்பின் பெயர் மட்டுமன்று. ஆளுநரின் தலைமையில் கூடிய வணிகர் கூட்டம் என்னும் பழைய பொருளையும் அது தாங்கியிருந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு பயணத்திற்கும் தனித்தனியே முதல் திரட்டப்பட்டது. 1657-இல்தான் நிலையான பங்கு முதல் ஏற்பட்டது. அதன்பின் பங்குகள் கைமாறலாயின. பங்கு வைத்திருந்தோர் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டிய தேவை நீங்கியது.

1639-இல் சென்னைக் கடற்கரையில் பெற்ற நிலமும், அங்கு எழுந்த புனித ஜார்ஜ் கோட்டையும் இவ்வமைப்பின் அடுத்த மாற்றத்திற்குக் களமாயின. 1748-இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டைக்கு வந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ், அங்கிருந்த படையினரைக் கம்பெனிகளாக ஒழுங்குபடுத்தினார். இதனால் கம்பெனியின் ஆணையின்கீழ்க் கம்பெனிகள் போரிடும் நிலை தோன்றியது. நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் இத்தாலியில் இணையாக வளர்ந்த வணிகக் கிளையும் படைக்கிளையும் சோழமண்டலக் கரையில் ஒன்றாயின. 1765-இல் வங்காளத்தின் திவானி உரிமை கிடைத்ததும் வரி வாங்கும் அதிகாரமும் இதனோடு சேர்ந்தது.

இம்மாற்றத்தைச் சொல் மறைத்தது. ஆட்சி செய்யும் அமைப்பு தன்னை வணிகர் கூட்டம் என்றே அழைத்துக்கொண்டிருந்தது. எட்மண்ட் பர்க் 1783-இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் இக்குழப்பத்தைச் சுட்டினார். மக்களின் உரிமையைக் காக்கும் சாசனமும், சிலருக்கு அதிகாரத்தையும் தனியுரிமையையும் அளிக்கும் சாசனமும் பெயரால் ஒன்றாயினும் தன்மையால் எதிரானவை என்பது அவர் வாதம். ‘சாசனம்’ என்னும் சொல்லைக் குறித்து அவர் கூறியது ‘கம்பெனி’க்கும் பொருந்தும்.

1813-இல் இந்திய வணிகத்தில் அதன் தனியுரிமை நீக்கப்பட்டது. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வணிகத்தையே முடிவுக்குக் கொண்டுவந்தது. எனினும் 1858 வரை அது இந்தியாவை ஆண்டது. சட்டப்படி 1874 வரை நிலைத்திருந்தது. அதாவது, ஆட்சியின் இறுதிக் கால் நூற்றாண்டில் வணிகமே செய்யாத ஓர் அமைப்பு வணிகக் கம்பெனியின் பெயரோடு ஆண்டது. அப்பத்தைப் பகிர்வோரைக் குறித்த சொல், அப்பத்தைத் தன் கையில் வைத்திருக்கும் தலைவனின் பெயராகிவிட்டது.

தமிழில் ‘கும்பினி’

வணிகர் அமைப்புகள் தமிழகத்திற்குப் புதியவையல்ல. ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், நானாதேசி ஆகிய அமைப்புகளைக் கல்வெட்டுகள் பரவலாகக் குறிப்பிடுகின்றன. எறிவீரபட்டினம் என்னும் பெயருடைய ஊர்கள் வணிகர்க்கும் படைக்கலம் ஏந்தியோர்க்கும் இருந்த தொடர்பைக் காட்டுகின்றன. ஆனால் ஐரோப்பியர் வந்து நிலைபெற்ற 17-ஆம் நூற்றாண்டளவில் அப்பெயர்களின் வழக்கு ஒடுங்கியிருந்தது. எனவே வந்தவர்களின் சொல்லே கடனாகப் பெறப்பட்டது.

‘கும்பினி’ என்னும் வடிவம் ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று. 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் அன்றாட நிகழ்வுகளைப் பதிவு செய்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பிரெஞ்சுக் கம்பெனியே பெரிதும் பேசப்படுகிறது. 1602-இல் தொடங்கப்பெற்ற ஒல்லாந்தர் கம்பெனியை மலாய், சாவக மொழிகள் ‘கொம்பெனி’, ‘கும்பெனி’ என வழங்கின. வட இந்தியாவில் ‘கம்பெனி பகதூர்’ என்னும் மரியாதைப் பெயர் ஏற்பட்டது. கொழும்பு நகரின் ஒரு பகுதி இன்றும் தமிழில் ‘கொம்பனித்தெரு’ எனப்படுகிறது. ஆசிய மொழிகள் பல இச்சொல்லை முதலில் கடைப்பெயராக அன்றி, அதிகாரத்தின் பெயராகவே ஏற்றுக்கொண்டன என்பதை இவ்வழக்குகள் உணர்த்துகின்றன.

தமிழில் இதற்கு இலக்கணச் சான்றும் உண்டு. கட்டபொம்மன் பற்றிய கதைப்பாடல் மரபிலும் பேச்சு வழக்கிலும் ‘கும்பினியார்’, ‘கும்பினியான்’ என்னும் வடிவங்கள் இடம்பெறுகின்றன. ‘ஆர்’, ‘ஆன்’ ஆகியவை உயர்திணை ஈறுகள். கூட்டமைப்புகளுக்கு ஆன்மா இல்லை என்பது 1612-இல் சட்டன் மருத்துவமனை வழக்கை ஒட்டி ஆங்கிலச் சட்டத்தில் பதிவான கருத்து. தமிழ்ப் பேச்சோ அதே அமைப்பை ஆளாகக் கருதி உயர்திணையில் வைத்தது. அஞ்சியோர் ‘ஆர்’ என்றனர். எதிர்த்தோர் ‘ஆன்’ என்றனர். ஆள்பவனை எந்த ஈற்றால் சுட்டுவது என்பதே ஓர் அரசியல் நிலைப்பாடாயிற்று.

இங்குத் தொல்காப்பிய அளவையை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். கும்பினி துணி வாங்கியது. கும்பினி வரி வாங்கியது. கும்பினி போர் தொடுத்தது. முன்னுரையில் கண்ட ஆங்கிலத் தொடர்களில் வினைகள் பொருளைப் பிரித்துக்காட்டின. இங்கு வினைகள் வேறாகியும் வினைமுதல் ஒன்றாகவே உள்ளது. பல வினைகளை ஒரே வினைமுதல் ஏற்றதே அக்காலத்தின் வரலாற்று உண்மை. ஆதலின், அக்கால ஆவணங்களைத் தற்காலத் தமிழில் எடுத்தாளும்போது ‘கும்பினி’யை ‘நிறுவனம்’ என மாற்றுவது பொருந்தாது. அது ஆட்சியை நீக்கிவிட்டு வணிகத்தை மட்டும் காட்டும். ‘அரசு’ என மாற்றினால் ஊதியத்திற்காக ஆண்ட அதன் தன்மை மறையும். ‘கும்பினி’ என்றே வழங்குவதே வரலாற்றுக்கு நெருக்கமானது.

எழுவரும் ஒருவரும்

கிழக்கிந்தியக் கம்பெனி மறைந்துகொண்டிருந்த காலத்திலேயே இங்கிலாந்தில் வணிகக் கம்பெனிகள் பெருகின. 1720-இல் தென்கடல் கம்பெனியின் பங்கு விலைச் சரிவை ஒட்டிப் பங்கு அமைப்புகள்மீது எழுந்த ஐயம் நெடுநாள் நீடித்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட தடைச்சட்டம் 1825-இல் நீக்கப்பட்டது. 1844-ஆம் ஆண்டுச் சட்டம் அரச சாசனமின்றிப் பதிவின் மூலமே கம்பெனி தொடங்க வழிசெய்தது. 1855-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்த பொறுப்பை அளித்தது. இதன்பின் பங்குதாரர் தாம் இட்ட முதலுக்கு மேல் இழப்பைச் சுமக்க வேண்டியதில்லை. பார்தி, பெருத்சி காலத்துப் பங்காளிகளின் நிலைக்கு இது நேர்மாறானது. ஊதியத்தைப் பகிரலாம், கேட்டை ஓர் எல்லைக்கு மேல் பகிர வேண்டா.

1862-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் குறைந்தது எழுவர் கூடினால் கம்பெனி அமைக்கலாம் என்றது. இலண்டனில் காலணி செய்து விற்றுவந்த ஆரோன் சாலமன் 1892-இல் தம் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். எழுவருள் அவரும், மனைவியும், மக்கள் ஐவரும் அடங்குவர். மொத்தப் பங்குகள் 20,007. அவற்றுள் 20,001 சாலமனுடையவை. மற்ற அறுவருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. தொழில் நொடித்தபோது வழக்கு எழுந்தது. உண்மையில் கூட்டு என ஒன்று இல்லாதபோது இது கம்பெனியாகுமா என்பதே வினாவின் உட்கிடை. மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனைச் சட்டத்தின் நோக்கத்திற்கு மாறானது எனக் கருதியது. பிரபுக்கள் அவை 1896 நவம்பரில் அதனை மாற்றி, சட்டம் கேட்ட எண்ணிக்கை நிறைவுற்றதால் கம்பெனி தனி ஆள் என்றும், சாலமன் வேறு அவர் கம்பெனி வேறு என்றும் தீர்ப்பளித்தது. 1897-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் வெளிவந்த இவ்வழக்கு இன்றளவும் நிறுமச் சட்டத்தின் அடித்தளமாகப் பயிற்றுவிக்கப்படுகிறது.

பெயரளவிலான எழுவர் போதும் என்றபின், ஒருவரே போதும் என்பது நெடுந்தொலைவில் இல்லை. இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டம் ஒருநபர் நிறுமத்தை ஏற்றது. இருவர் எனில் துணை, மூவர் எனில் கூட்டம் என்னும் கருத்துடைய பழமொழி ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. அப்பழமொழியில் ‘துணை’ என வரும் இடத்தில் உள்ள சொல் ‘கம்பெனி’யே. பழமொழிக்கு இருவர் வேண்டும். சட்டத்திற்கு ஒருவரே போதும்.

தமிழில் ‘கம்பெனி’

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல் ‘கம்பெனி’ என்னும் வடிவில் தமிழில் புதிய பொருள்களைப் பெற்றது. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் தூத்துக்குடியில் பதிவு செய்யப்பெற்ற சுதேசிக் கப்பல் கம்பெனி அவற்றுள் தலையாயது. 10 இலட்சம் ரூபாய் முதலீட்டை 25 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்துத் திரட்ட அது திட்டமிட்டது. மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். அவ்வமைப்பு ‘சுதேசி நாவாய்ச் சங்கம்’ என்னும் தமிழ்ப்பெயராலும் வழங்கியது. ‘கும்பினி’ ஆட்சி நீங்கி அரை நூற்றாண்டுக்குள், அதே சொல்லின் மற்றொரு வடிவம் அவ்வாட்சியின் வழிவந்த அரசை எதிர்க்கும் கருவியாயிற்று. சிறு பங்குகளின் வழியே பலரை ஒரு பொது முயற்சியில் இணைத்தபோது, சொல்லின் பழைய கூட்டுணர்வு மீண்டும் தலைகாட்டியது.

நாடக உலகிலும் இதனைக் காணலாம். சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய குழுக்கள் ‘சபை’ என்னும் பெயரைத் தாங்கின. ஆனால் மக்கள் நாவில் ‘நாடகக் கம்பெனி’, ‘பாய்ஸ் கம்பெனி’ என்பனவே நிலைத்தன. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி இச்சொல்லைத் தன் பெயரிலேயே கொண்டிருந்தது. அக்குழுக்களில் சேர்ந்த சிறுவர்கள் உடன் உண்டு, உடன் உறங்கிக் கலை பயின்றனர். சொற்பிறப்பை அறியாமலே அதன் வேர்ப்பொருளை வாழ்ந்து காட்டியவர்கள் அவர்கள் எனலாம்.

இன்றைய தமிழில் தேர்தல் காலச் செய்திகள் துணை இராணுவத்தைக் ‘கம்பெனி’களாக எண்ணுகின்றன. பேச்சுத்துணை தருவதை இளைஞர் ‘கம்பெனி கொடுத்தல்’ என்கின்றனர். தமிழ்நாட்டுச் சட்டத்தமிழ் ‘நிறுமம்’ என்னும் ஆக்கத்தை ஏற்க, இலங்கையின் சட்டத்தமிழ் ‘கம்பனி’ என்றே எழுதுகிறது. பொதுவழக்கிலுள்ள ‘நிறுவனம்’ கல்வி, ஆய்வு அமைப்புகளையும் குறிப்பதால், சட்ட நுண்மை வேண்டுமிடத்து ‘நிறுமம்’ பொருத்தமானது.

முடிவுரை

‘கம்பெனி’யின் பொருள்கள் அகராதியில் எண்ணிடப்பட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. வரலாற்றில் அவை அவ்வாறு அமைதியாக நிற்கவில்லை. ஒரு பொருள் மற்றொன்றை மறைக்கவும், அதன் மதிப்பைத் தனதாக்கவும் பயன்பட்டது. வணிகர் கூட்டம் என்னும் பொருள் ஆட்சியை மறைத்தது. கூட்டு என்னும் பொருள் தனியொருவரின் தொழிலுக்குக் காப்பாயிற்று. அதே வேளையில் பழைய பொருள்களும் மறையவில்லை. தோழமையைக் குறிக்க ஆங்கிலேயர் இன்றும் இச்சொல்லையே ஆள்கின்றனர்.

‘கும்பினி’, ‘கம்பெனி’ என்னும் இரு வடிவங்களால் ஆண்டவரையும் தாமே அமைத்த கூட்டையும் தமிழர் பிரித்தறிந்தனர். இவ்வேறுபாடு எழுத்துப்பிழையன்று, அது வரலாற்று அனுபவத்தின் பதிவு. பழைய ஆவணங்களைப் பதிப்பிப்போர் ‘கும்பினி’யைக் ‘கம்பெனி’ எனத் திருத்தும்போது அப்பதிவே அழிந்துவிடும். மூல வடிவத்தைக் காத்து, உடன்வரும் வினைகளையும் ஈறுகளையும் தொகுத்து ஆராய்ந்தால், தம்மை ஆண்டவரைத் தமிழ்மக்கள் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதற்கு மேலும் பல சான்றுகள் கிடைக்கும்.